ஞாயிற்றுக்கிழமை ‘ஃப்ரீ சைட் விசிட்’ போறீங்களா? முதல் மனை வாங்க யாரிடம் வழி கேட்பது?

ஞாயிறு காலை ஏழரை மணி. தாம்பரத்தில் ஒரு ஏ.சி. வேன் நிற்கும். இரண்டு இளம் தம்பதிகள், ஓய்வு பெற்ற ஒருவர், கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு இல்லாத ஒரே நாளில் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்த சில ஐ.டி. ஊழியர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் வேன் செங்கல்பட்டைத் தாண்டும். வழியில் டிபன், மதியம் பிரியாணி. வெயிலில் கலர் கொடிகள் பறக்கும் ஒரு காலி நிலம். “இன்னைக்கே டோக்கன் போட்டா ஸ்கொயர் ஃபீட்டுக்கு நூறு ரூபாய் கம்மி சார். நாளைக்கு இந்த ரேட் இருக்காது.”

வேனில் ஏறியவர்களில் பலருக்கு இது தற்செயலாக வந்த பயணம் அல்ல. மொபைலில் ஒரு வீடியோ பார்த்திருப்பார்கள். அதில் ஒருவர், ‘சம்பளத்தை மட்டும் நம்பி இருந்தால் முன்னேற முடியாது, 30 வயசுக்குள்ள ஒரு இடமாவது வாங்கிப் போடுங்க’ என்று சொல்லியிருப்பார். பிறகு 99 ரூபாய் வெபினார். அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குரூப். அதன் அட்மின் பெயருக்குப் பின்னால் ‘ரியல் எஸ்டேட் மென்டார்’ என்று இருக்கும்.

வழிகாட்டி தேடுவதில் தப்பே இல்லை. கையில் இருப்பது நாலைந்து வருடச் சேமிப்பு. குறைகிற தொகைக்கு அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகும். அப்படி ஒரு பணத்தைப் போடும்போது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீங்கள் இந்த இடத்தை வாங்கினால் இவருக்கு என்ன கிடைக்கும்?

மென்டார் என்று போட்டுக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமா?

பங்குச் சந்தையில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். மனை விஷயத்தில் அப்படி ‘ஆலோசகர்’ என்று ஒரு பதிவு கிடையாது. யார் வேண்டுமானாலும் மென்டார் என்று போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எல்லோரும் சொல்லும் ‘ரெரா’, ‘முகவர்’ என்பதற்குக் கொடுக்கும் விளக்கம் ரொம்பவே அகலமானது. வாங்குபவரையும் விற்பவரையும் எந்த ஊடகம் வழியாக அறிமுகப்படுத்திக் கமிஷன் பெற்றாலும், அவர் தன்னை என்ன பெயரில் அழைத்துக்கொண்டாலும் முகவர்தான். பதிவு எண் இல்லாமல் அவர் ரெராவில் பதிவான ஒரு திட்டத்தின் மனையை விற்றுத்தர முடியாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். பதிவே ஆகாத திட்டத்தை விற்க உதவவும் முகவருக்கு அனுமதி இல்லை.

ஆக, மென்டார் ஒரு குறிப்பிட்ட லே-அவுட்டின் பெயரைச் சொல்லி, “நம்ம குரூப்புக்கு ஸ்பெஷல் ரேட்” என்று ஆரம்பிக்கும் அந்த நொடியில் அவர் மென்டார் அல்ல, முகவர். அதில் கேவலம் எதுவும் இல்லை. நல்ல முகவர்கள் நிறையவே இருக்கிறார்கள். “உங்க ரெரா ஏஜென்ட் நம்பர் என்ன சார்?” என்று கேளுங்கள். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இந்தக் கேள்விக்கு வரும் பதிலின் தொனியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

12 லட்சத்துக்கு வாங்கி 16 லட்சத்துக்கு விற்றால் லாபம் எவ்வளவு?

“நாலு லட்சம்” என்று சொல்லத் தோன்றும். வெபினாரிலும் அப்படித்தான் போர்டில் எழுதுவார்கள். ஒரு உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

1,200 சதுர அடி மனை. சதுர அடி 1,000 ரூபாய். விலை 12 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம். 2023 ஜூலைக்கு முன்பு பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. கிரயத் தொகை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கு. இங்கே 12 லட்சத்துக்கே எடுத்துக்கொண்டால் 1,08,000 ரூபாய். புரோக்கருக்கு 2 சதவீதம் என்றால் 24,000. கையை விட்டுப் போனது 13 லட்சத்து 32 ஆயிரம்.

ஐந்து வருடம் கழித்து 16 லட்சத்துக்கு விற்கிறீர்கள். மறுபடியும் புரோக்கர் கமிஷன் 32,000. கையில் 15 லட்சத்து 68 ஆயிரம். லாபம் 2 லட்சத்து 36 ஆயிரம். 2024 ஜூலை 23-க்குப் பிறகு நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. பணவீக்கத்துக்கான கழிவு கிடையாது (அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்துகளுக்கு மட்டும் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு). வரியும் செஸ்ஸும் போக மிச்சம் சுமார் 2 லட்சத்து 5 ஆயிரம். ஐந்து வருடத்துக்கு! ஆண்டுக்கு 3 சதவீதம்கூட வரவில்லை. சேமிப்புக் கணக்கு வட்டியோடுதான் போட்டி போடலாம். வேலி போட்ட செலவு, முள்செடி வெட்டிய கூலி எல்லாம் இதில் சேர்க்கவில்லை.

விலை இரண்டு மடங்கானால் கதை வேறு. ஆகலாம், ஆகியிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் சரியான நேரத்தில் வாங்கியவர்கள் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், அதே காலத்தில் வேறு திசையில் வாங்கிவிட்டு இன்னும் விற்க முடியாமல் இருக்கும் பெரியப்பா கல்யாண வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

இந்த 9 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இன்னொன்றும் புரியும். ‘ஃப்ளிப்பிங்’, அதாவது வாங்கி, கொஞ்சம் சரிசெய்து, சில மாதங்களில் விற்பது என்று கோர்ஸ்களில் சொல்லித்தரப்படும் உத்தி பெரும்பாலும் அமெரிக்கப் புத்தகங்களில் இருந்து வந்தது. இங்கே ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 9 சதவீதம் அரசுக்குப் போகும். 24 மாதங்களுக்குள் விற்றால் லாபம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து, உங்கள் வருமான வரம்புக்கு உரிய வரி விழும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

‘வாடகையிலேயே இ.எம்.ஐ. கட்டிடலாம்’ என்பதும் அதே ரகம். 60 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்கு 48 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 41,650 ரூபாய். அந்த ஃபிளாட்டுக்கு வாடகை 18,000 வந்தாலும், மாதம் 23,000-க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். பராமரிப்புக் கட்டணம் தனி.

முதல் வகுப்பு வீட்டு பீரோவில்

சரி, எங்கே கற்றுக்கொள்வது? 49,999 ரூபாய் கோர்ஸில் சேர்வதற்கு முன், உங்கள் வீட்டு பீரோவைத் திறக்கலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சொந்த வீட்டுப் பத்திரத்தை எடுத்துத் தரச் சொல்லி அப்பாவோடு உட்காருங்கள். சர்வே எண் என்ன, உட்பிரிவு என்ன, நான்கெல்லை என்ன எழுதியிருக்கிறது, இப்போது கிழக்கே இருப்பது உண்மையில் யார் வீடு? தாத்தா யாரிடம் வாங்கினார், அவருக்கு அது எப்படி வந்தது? அந்தச் சங்கிலிக்குப் பெயர்தான் மூலப்பத்திரம். பிறகு மொபைலில் தமிழ்நாடு அரசின் நில ஆவணங்கள் தளத்தில் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பதிவுத் துறை தளத்தில் அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். பார்க்க மட்டும் கட்டணம் இல்லை.

பல வீடுகளில் இங்கேயே முதல் அதிர்ச்சி காத்திருக்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். பத்திரத்தில் 5 சென்ட், பட்டாவில் நாலேமுக்கால் என்று இருக்கும். (ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இரண்டு வீட்டுக்காரர்கள் பேசாமல் போக அந்தக் கால் சென்ட் போதும்.) சொந்தச் சொத்தில் இதையெல்லாம் ஒருமுறை பார்த்தவருக்கு, விற்பனையாளர் நீட்டும் ஸெராக்ஸ் கட்டை எப்படிப் புரட்டுவது என்று தெரிந்துவிடும். வழிகாட்டி தேடி அலைபவர்களில் பலருக்கு, தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து பட்டா மாற்றிய ஒருவர் வீட்டிலேயே இருப்பார். அவரிடம் ஸ்லைடு கிடையாது, அவ்வளவுதான்.

பத்திரம் பதிவாகிவிட்டால் போதாதா?

போதாது. இதுதான் முதல்முறை வாங்குபவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். ‘கவர்மென்ட் ஆபீஸ்ல ரெஜிஸ்டர் பண்ணிக் கொடுத்துட்டாங்க, அப்புறம் என்ன?’ என்ற எண்ணம். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கு நேர் எதிர். விற்பவருக்கு உண்மையிலேயே அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்றது. பதிவு என்பது ஆவணத்துக்குத்தான். உரிமையைச் சரிபார்ப்பது வாங்குபவரின் தலையில்.

வில்லங்கச் சான்றுக்கும் எல்லை உண்டு. பதிவானவை மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. பங்கு கேட்டு யாராவது கோர்ட்டுக்குப் போயிருந்தால் அது பெரும்பாலும் தெரியாது. முக்கியமாக, கையெழுத்துப் போடாத அக்கா தங்கைகள் அதில் தெரிய மாட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டு வந்தது. மத்தியச் சட்டம் 2005-ல் மாறியது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறப்பிலேயே வருவது என்று தெளிவுபடுத்தியது. ஆனாலும் “பொண்ணுங்களுக்குக் கல்யாணத்துலயே செஞ்சாச்சு” என்று சொல்லி அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கும் பழக்கம் போகவில்லை. வாரிசுச் சான்றில் எத்தனை பெயரோ, பத்திரத்தில் அத்தனை கையெழுத்து இருக்க வேண்டும். “அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்பது ஆவணம் ஆகாது.

பவர் பத்திரத்தை வைத்து மட்டும் ‘உங்க பேருக்கு மாத்தியாச்சு’ என்று யாராவது சொன்னால், உடனே எழுந்து வந்துவிடலாம். பொது அதிகாரப் பத்திரம் உரிமையை மாற்றித் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்’

லே-அவுட்டுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வுக்கும், மற்ற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறையான டி.டி.சி.பி.க்கும் உரியது. ஊராட்சித் தலைவர் கையெழுத்து போட்ட வரைபடம் லே-அவுட் அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது மாநிலம் முழுக்கப் பதிவுகள் தேங்கின. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்கத் தொடங்கிய மனைப்பிரிவுகளுக்குத்தான் அந்தச் சலுகை. இப்போது புதிதாகப் பிரித்து விற்கும் இடத்தைக் காட்டி “ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்” என்றால் நம்ப வேண்டாம்.

500 சதுர மீட்டருக்கு மேலான, அல்லது எட்டு யூனிட்டுக்கு மேலான திட்டம் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவான திட்டத்தில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. டோக்கன் போடும் உற்சாகத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த டோக்கனையும் பணமாகக் கொடுக்க வேண்டாம். அசையாச் சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

இளம் வேலைக்காரர்களைக் குறிவைத்து இப்போது அதிகம் விற்கப்படுவது ‘ஃபார்ம் லேண்ட்’. பத்து சென்ட், இருபது சென்ட், நாலு மாங்கன்று, வார இறுதிக்கு ஒரு கிளப் ஹவுஸ். அது விவசாய நிலமாகவே இருக்கும். வீடு கட்ட வேண்டுமென்றால் நிலப் பயன்பாட்டு மாற்றமும் கட்டட அனுமதியும் தனியாக வாங்க வேண்டும். ‘நாங்களே பராமரிச்சு வருஷா வருஷம் நிச்சய வருமானம் தர்றோம்’ என்று சேர்த்துச் சொன்னால் கூடுதல் எச்சரிக்கை தேவை. விவசாய நிலம் என்ற பெயரில் கோடிக்கணக்கானவர்களிடம் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனத்தை, 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி 2014-ல் செபி உத்தரவிட்டது. பணத்தை மீட்டுத்தர உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016-ல் நீதிபதி லோதா தலைமையில் ஒரு குழு அமைக்க வேண்டி வந்தது.

‘ஏர்போர்ட் வரப்போகுது’

2022-ல் பரந்தூர் பெயர் அறிவிக்கப்பட்ட பிறகு காஞ்சிபுரம் சுற்றுவட்டார விளம்பரங்களில் விமானப் படம் இல்லாததைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பெரிய திட்டம் வந்தால் சுற்றிலும் விலை ஏறும் என்பது பொய்யல்ல. ஆனால் திட்ட எல்லைக்குள்ளேயே உங்கள் மனை இருந்தால் அது கையகப்படுத்தலில் போகும். எல்லைக்கு வெளியே இருந்தால், ஏறப்போகும் விலையைத் தெரிந்துதான் விற்பவர் ஏற்கெனவே ஏற்றி வைத்திருப்பார். கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் இதே பாடு படுகிறது. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மதுராந்தகத்து மனைக்கு ‘20 நிமிடம்’ என்று போடுகிறார்கள். ஹைவேயில் 150 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உண்மைதான்.

நகரத்துக்குள் இதற்கு நேர்மாறான ஆபத்து. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதிகளுக்குத் தடை போட்டது. அங்கே எல்லா ஆவணமும் சரியாக வைத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். நிலம் எங்கே இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பத்திரம் சொல்லாது. நவம்பரிலோ டிசம்பரிலோ, நல்ல மழைக்கு மறுநாள் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு “2015-ல இங்க தண்ணி வந்துச்சா அண்ணே?” என்று கேட்டால் போதும். அந்த வேனும் மழை நாளில் வராது.

அப்போ யாரைத்தான் கேட்பது?

முதலில், நீங்களே காசு கொடுத்து அமர்த்தும் ஒரு சிவில் வக்கீல். விற்பவர் ‘நம்ம லாயர்தான்’ என்று அறிமுகப்படுத்துபவர் அல்ல. மூலப்பத்திரங்களைப் படித்து எழுத்தில் கருத்துத் தர அவர் வாங்கும் கட்டணம், நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்குக் கிடைத்துவிடும். ‘வேண்டாம் தம்பி’ என்று அவரால் தயங்காமல் சொல்ல முடிவது அதனால்தான். கோயில் நிலமா, புறம்போக்கா, பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விற்கக்கூடிய பஞ்சமி நிலமா என்பதையும் பழைய வருவாய்ப் பதிவேடுகளில் அவர் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பணம் கையில் இருந்தாலும் வங்கியில் மனைக் கடனுக்கு விண்ணப்பித்துப் பார்ப்பது. வங்கியின் வக்கீலும் மதிப்பீட்டாளரும் பார்ப்பார்கள். வங்கி தன் கடனைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது, உங்களை அல்ல. அவர்கள் சரி என்றால் எல்லாம் சரி என்று ஆகாது. ஆனால் கடன் தர மறுத்தால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். “இந்த பேங்க் வேண்டாம் சார், வேற பேங்க்ல பண்ணித் தர்றேன்” என்று முகவர் அவசரப்படும் இடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது ஆள்தான் உண்மையான மென்டார். ஆபீஸ் சீனியராக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம். அவர் இடம் வாங்கியவராக இருந்தால் மட்டும் போதாது, விற்றவராகவும் இருக்க வேண்டும். வாங்கியவர்கள் எல்லோரும் காகிதத்தில் லாபத்தில்தான் இருப்பார்கள். விற்கப் போனவருக்குத்தான் ஆள் கிடைக்க எத்தனை மாதம் ஆனது, கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் எவ்வளவு வித்தியாசம், எந்தக் காகிதம் இல்லாமல் அலைந்தார் என்று தெரியும். அவரிடம் “எனக்கு மென்டாரா இருங்க” என்று கேட்டால் கூச்சப்படுவார். “அடுத்த தடவை ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் போறப்ப நானும் வரட்டா?” என்று கேட்டால் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொள்வார்.

மனையே வேண்டாம், ஆனால் ரியல் எஸ்டேட்டில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ‘ரெய்ட்’ என்று ஒரு வழி இருக்கிறது. அலுவலக வளாகங்கள், மால்கள் ஆகியவற்றின் வாடகை வருமானத்தில் பங்கு. இந்தியாவில் முதல் ரெய்ட் 2019-ல் பங்குச் சந்தையில் பட்டியலானது. சில நூறு ரூபாயில் ஒரு யூனிட் வாங்கலாம். பகிர்ந்தளிக்கக்கூடிய வருமானத்தில் 90 சதவீதத்தையாவது முதலீட்டாளர்களுக்குத் தர வேண்டும் என்பது செபி விதி. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் உள்ள ஒரு ஐ.டி. பார்க்கும் ஒரு ரெய்ட்டின் கையில்தான் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர், தன் ஆபீஸ் கட்டடத்தின் வாடகையில் துளிப் பங்கு வாங்க முடியும். யூனிட் விலை இறங்கவும் செய்யும். ஆனால் பணம் தேவைப்படும் நாளில் விற்க, அக்கா தங்கை கையெழுத்து தேவைப்படாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை வேனில் போகலாம். பிரியாணி நன்றாகவே இருக்கும். திங்கள் காலை பத்து மணிக்கு, ஆபீஸ் மீட்டிங் நடுவே, தவறாமல் போன் வரும்.

“சார், டோக்கன் எப்போ போடறீங்க? உங்களுக்காகத்தான் அந்த கார்னர் பிளாட்டை ஹோல்டு பண்ணி வெச்சிருக்கேன்.”

“மூலப்பத்திரம் ஸெராக்ஸ், ரெரா நம்பர், உங்க ஏஜென்ட் நம்பர் மூணையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்கண்ணே. வக்கீல்கிட்ட காட்டிட்டுச் சொல்றேன்.”